இரண்டு வசனம் ஒரு வசனமாவது எப்படி?



இவ்வாரம் ஆங்கில வசனங்களை இணைத்து எழுதும் முறையைப் படிப்போம். கூட்டு எழுவாய், கூட்டுப் பயனிலை என்று இலக்கணப் புத்தகங்கள் இதற்குப் பெயர் சொல்லும். பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். யார் அல்லது எது என்ற கேள்விக்கு விடையாக வருவது எழுவாய். அவர் என்ன செய்தார், எப்படி இருக்கிறார் என்று சொல்லுவது பயனிலை. ஒரே காரியத்தை இரண்டு பேர் செய்தால் எழுவாய்களைச் சேர்க்கலாம். ஒரே ஆள் இரண்டு காரியம் செய்தால் பயனிலைகளைச் சேர்க்கலாம். பாடம் இவ்வளவுதான். ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் இடறி விழும் இடங்கள் சில இதற்குள் உண்டு. அவற்றையே இங்கு கூடுதலாகக் கவனிக்கப் போகிறோம்.

ஆங்கில வசனங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாவோ அப்பாச்சியோ இதைச் சத்தமாக வாசிக்க, பிள்ளை கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதலாம். சொல்வதெழுதுதலும் இலக்கணமும் ஒரே இருப்பில் முடிந்துவிடும்.

நயினாதீவிலே இருக்கும் ஒரு பிள்ளை, ரொறன்ரோவிலே பிறந்து தமிழ் வாசிக்கத் தெரியாமல் வளரும் மச்சாளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தீவுப் பகுதியில் இன்று இப்படி எழுத வேண்டிய தேவை இல்லாத வீடுகள் குறைவு. பிள்ளை எழுதுகிறது:

மை பிறதர் வென்ற் ரு த ஜெற்றி. மை சிஸ்ரர் வென்ற் ரு த ஜெற்றி. மை பிறதர் கொற் த ரிக்கற்ஸ். மை பிறதர் கோல்ட் மீ.

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வாசிக்கும் மச்சாளுக்கு, தன்னோடு பேசுவது ஆறு வயதுப் பிள்ளையோ என்று தோன்றும். இதே பிள்ளை தமிழில் எழுதினால் இப்படியா எழுதும்? “அண்ணாவும் அக்காவும் துறைக்குப் போனார்கள். அண்ணா ரிக்கற் எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்” என்று இரண்டே வசனத்தில் முடித்துவிடும். ஆகவே இணைக்கும் அறிவு பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் வழிதான் தெரியவில்லை. மேலே உள்ள நான்கும் இப்படி இரண்டாகும்:

மை பிறதர் அன்ட் மை சிஸ்ரர் வென்ற் ரு த ஜெற்றி. மை பிறதர் கொற் த ரிக்கற்ஸ் அன்ட் கோல்ட் மீ.

முதலாவது கூட்டு எழுவாய். இரண்டாவது கூட்டுப் பயனிலை.

முதலில் எழுவாயைப் பார்ப்போம். தமிழில் “அண்ணாவும் அக்காவும்” என்று ஒவ்வொரு பெயரோடும் “உம்” வருகிறது. நம்முடைய இலக்கணகாரர் இதை எண்ணும்மை என்றார்கள். ஒன்றிலே போட்டு மற்றதிலே விட்டால் காது ஒப்புக்கொள்ளாது. ஆங்கிலத்தில் “அன்ட்” ஒரு முறைதான் வரும், அதுவும் கடைசிப் பெயருக்கு முன்னால். “உம்” இரண்டு முறை வருகிறதே என்று எண்ணி “மை பிறதர் ஓல்சோ மை சிஸ்ரர் ஓல்சோ வென்ற்” என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அது தமிழை ஆங்கிலச் சட்டைக்குள் புகுத்துவது. மூன்று பெயர் வந்தால் முன்னதுகளுக்கு இடையில் கால்புள்ளி, கடைசிக்கு முன் “அன்ட்”:

கயிற்ஸ், டெல்ஃப்ற் அன்ட் நயினாதீவு ஆர் ஐலன்ட்ஸ்.

தமிழில் “ஆகிய மூன்றும்” என்று முடிவில் ஒரு தொகைச்சொல் போடுவோம். ஆங்கிலத்துக்கு அது தேவையில்லை. (ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்ற பெயர், துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. நெடுந்தீவின் டெல்ஃப்ற், ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரமொன்றின் பெயரைச் சூட்டியது. பெயர் வைத்தவர்கள் போய்விட்டார்கள், எழுத்துக்கூட்டல் தொல்லை நமக்கு.)

எழுவாய் இரண்டானால் வினை பன்மையாக வேண்டும். இஸ் ஆர் ஆகும், வோஸ் வேர் ஆகும், ஹாஸ் ஹாவ் ஆகும். நிகழ்காலத்தில் ஒரு விநோதம் உண்டு. பெயர்ச்சொல் பன்மையானால் “ஸ்” ஒலி சேரும், வினைச்சொல் பன்மையானால் அதே “ஸ்” ஒலி கழன்றுவிடும்.

த போற் லீவ்ஸ் அற் செவின். த பஸ் லீவ்ஸ் அற் செவின்.
த போற் அன்ட் த பஸ் லீவ் அற் செவின்.

பன்மைதானே என்று “லீவ்ஸ்” என்பதை வைத்திருப்பதுதான் பெரும்பாலோர் விடும் பிழை. இறந்தகாலத்தில் வோஸ், வேர் தவிர வேறெந்த வினையும் மாறாது. நேற்று நடந்ததை எழுதுகிறவனுக்கு ஆபத்துக் குறைவு, தினமும் நடப்பதை எழுதுகிறவன்தான் விழித்திருக்க வேண்டும்.

தன்னைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். தமிழில் “நானும் அண்ணாவும்” என்று தன்னை முதலில் வைப்பது இயல்பு. அதில் அகம்பாவம் இல்லை. ஆங்கிலத்தில் தன்னைக் கடைசியில் வைப்பது மரியாதை: மை பிறதர் அன்ட் ஐ. “மீ அன்ட் மை பிறதர்” என்று லண்டன் மச்சான் ரெலிபோனில் சொன்னால் சொல்லட்டும், சோதனைத் தாளில் எழுத வேண்டாம்.

இனி, எழுவாயில் பலது இருப்பதற்கும் வினைக்குப் பின்னால் பலது இருப்பதற்கும் உள்ள வேறுபாடு. நெடுந்தீவைப் பற்றி எழுதச் சொன்னால் பிள்ளைகள் காட்டுக் குதிரைகளையும், பெருக்க மரத்தையும், முருகைக்கல் மதில்களையும் எழுதுவார்கள். இணைத்தால் வருவது:

டெல்ஃப்ற் ஹாஸ் வைல்ட் போனீஸ், எ பேயோபாப் றீ அன்ட் கோரல் வோல்ஸ்.

பொருள்கள் பல, ஆனால் வினை “ஹாஸ்”தான், “ஹாவ்” அல்ல. எழுவாய் நெடுந்தீவு, அது ஒன்று. பிள்ளை ஏன் “ஹாவ்” எழுதுகிறது என்று யோசித்தால் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. “நெடுந்தீவில் குதிரைகளும் பெருக்க மரமும் மதில்களும் உள்ளன” என்கிறோம். தமிழில் குதிரைகளும் மரமும் மதில்களுமே எழுவாய், ஆகையால் வினை பன்மை. ஆங்கிலத்தில் எழுவாய் இடம் மாறிவிட்டது. வினையை எழுதுமுன் எழுவாய் எங்கே என்று விரலை வைத்துப் பாருங்கள். விரல் வைத்த இடத்தில் எத்தனை இருக்கிறது என்பதே கணக்கு.

“த” என்ற சிறு சொல்லும் ஆளின் எண்ணிக்கையை மாற்றும். தனிநாயகம் அடிகளார் 1913 ஆம் ஆண்டு ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் பிறந்தவர். குருவானவர், அறிஞர். அவரைப் பற்றி,

த பிறீஸ்ற் அன்ட் ஸ்கொலர் வோஸ் போர்ன் இன் கரம்பொன்

என்று எழுதினால் ஒருவரே குருவும் அறிஞரும். “த பிறீஸ்ற் அன்ட் த ஸ்கொலர் வேர் போர்ன் இன் கரம்பொன்” என்று எழுதினால் இரண்டு பேர் பிறந்துவிட்டார்கள். ஒரு சொட்டுச் சொல் மேலதிகமாக விழுந்ததால் அடிகளார் இருவராகிவிட்டார்.

அவரையே வைத்துப் பயனிலைக்கு வருவோம்.

ஹீ ஸ்ராற்றட் த ஜேர்ணல் தமிழ் கல்ச்சர் இன் 1952. ஹீ ஓர்கனைஸ்ட் எ வேர்ல்ட் கொன்ஃபெரன்ஸ் இன் 1966.
ஹீ ஸ்ராற்றட் த ஜேர்ணல் தமிழ் கல்ச்சர் இன் 1952 அன்ட் ஓர்கனைஸ்ட் எ வேர்ல்ட் கொன்ஃபெரன்ஸ் இன் 1966.

கோலாலம்பூரில் நடந்த முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டையே இரண்டாவது பகுதி சொல்கிறது. எழுவாய் ஒன்றானபடியால் இரண்டாவது “ஹீ” விழுந்துவிட்டது. “அன்ட்” என்பதற்கு முன் கால்புள்ளி வேண்டியதில்லை. ஆனால் பின்வரும் வசனத்தைப் பாருங்கள்:

ஹீ வோஸ் போர்ன் இன் 1913 அன்ட் டைட் இன் 1980.

இதில் “வோஸ்” என்பது “போர்ன்” என்பதற்கு மட்டுமே உரியது. “டைட்” தன் சொந்தக் காலில் நிற்கிறது. “வோஸ் டைட்” என்று எவரும் சொல்வதில்லை. மாறாக “த சப்பல் வோஸ் பில்ற் அன்ட் பிளெஸ்ட்” என்னும்போது, சிற்றாலயம் கட்டவும்பட்டது, ஆசீர்வதிக்கவும்பட்டது. ஒரே “வோஸ்” இரண்டுக்கும் போதும். துணைவினை இரண்டாவது வினைக்கும் பொருந்துமா என்று அதை வைத்து வாசித்துப் பார்ப்பதே பரீட்சை.

தமிழ்ப் பிள்ளைக்கு மிகக் கடினமான இடம் இனித்தான் வருகிறது. “அண்ணா குறிகட்டுவானுக்குப் போய், ரிக்கற் எடுத்து, படகில் ஏறி, நெடுந்தீவில் இறங்கினார்.” இதில் முற்றுவினை ஒன்றே ஒன்று: இறங்கினார். போய், எடுத்து, ஏறி என்பவை வினையெச்சங்கள். அவற்றுக்குச் சொந்தமாக ஆளும் இல்லை, காலமும் இல்லை. முன்னால் ஒரு எஞ்சின் வள்ளம் போக, கயிற்றிலே கட்டிய வெறும் வள்ளங்கள் பின்னால் இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ் வசனம் அப்படிப்பட்டது. ஒரு வித்தியாசம், நம் எஞ்சின் கடைசியில் நின்று தள்ளுகிறது. ஆங்கிலத்திலோ ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு எஞ்சின் பூட்ட வேண்டும்:

மை பிறதர் வென்ற் ரு குறிகட்டுவான், கொற் எ ரிக்கற், போர்டட் த போற் அன்ட் லான்டட் அற் டெல்ஃப்ற்.

நான்கு வினை, நான்கும் இறந்தகாலம். வினையெச்சத்தை அப்படியே பெயர்த்து “கோயிங் ரு குறிகட்டுவான், கெற்றிங் எ ரிக்கற், போர்டிங் த போற், லான்டட்” என்று எழுதினால், எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது போன்ற குழப்பம் வரும். இன்னும் சிலர் முதல் வினையில் காலத்தைக் காட்டிவிட்டு மற்றவற்றை மறந்து “வென்ற் அன்ட் கெற்” என்பார்கள். முதல் வள்ளம் நேற்றுப் போனது, இரண்டாவது இன்னும் துறையிலே நிற்கிறது!

வரிசையும் முக்கியம். “அன்ட்” என்ற சொல்லுக்கு “பிறகு” என்ற பொருள் இல்லை என்றாலும், வாசிக்கிறவர் முதலில் எழுதியது முதலில் நடந்தது என்றே கொள்வார். “பணம் கட்டினார், பற்றுச்சீட்டுப் பெற்றார்” என்பதை மாற்றி எழுதினால் சங்கதி வேறு.

எழுவாயை எப்போது விடக்கூடாது? “படகு வந்ததும் ஏறினோம்” என்று தமிழில் சொல்லுகிறோம். ஏறியது யார்? “ஏறினோம்” என்பதன் வால் “ஓம்” சொல்லிவிடுகிறது, நாம் என்று. ஆங்கில வினைக்கு இறந்தகாலத்தில் வால் கிடையாது. “த போற் கேம் அன்ட் கொற் இன்” என்று எழுதினால் படகே எதற்குள்ளேயோ ஏறிவிட்டது என்றாகும். “த போற் கேம், அன்ட் வீ கொற் இன்” என்றே எழுத வேண்டும். எழுவாய் மாறியவுடன் அது கூட்டுப் பயனிலை அல்ல, இரண்டு முழு வசனங்களின் சேர்க்கை. அதற்குக் கால்புள்ளியும் போடலாம். “மை மதர் மெற் த ரீச்சர் அன்ட் கிறைட்” என்றால் அழுதது அம்மா. அழுதது ரீச்சர் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எதிர்மறையில் “உம்” வேறு வேடம் போடும். “சாப்பிடவும் இல்லை, நித்திரை கொள்ளவும் இல்லை.” இங்கே ஆங்கிலம் “அன்ட்” கேட்காது, “ஓர்” கேட்கும்: ஹீ டிட் நொற் ஈற் ஓர் ஸ்லீப். அகராதியில் “ஓர்” என்றால் “அல்லது” என்று இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். “நொற்” என்பதற்குப் பின்னால் வரும் “ஓர்” நம்முடைய “உம்”தான்.

சில சில்லறைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். “அஸ் வெல் அஸ்” என்றோ “வித்” என்றோ இணைத்தால் முதல் எழுவாயே கணக்கு: த பிறின்சிப்பல், அஸ் வெல் அஸ் த ரீச்சேர்ஸ், இஸ் ஹியர். “ஐதர், ஓர்” வந்தால் வினைக்குப் பக்கத்தில் நிற்கும் எழுவாய் ஆட்சி செய்யும்: ஐதர் த பஸ் ஓர் த போற்ஸ் ஆர் லேற். இரண்டு பொருள் சேர்ந்து ஒரே சாப்பாடானால் ஒருமை: றைஸ் அன்ட் கறி இஸ் மை லஞ்ச். சோற்றையும் கறியையும் வெவ்வேறு கோப்பையில் வைத்து எண்ணத் தொடங்கினால் பன்மை.

இப்போது, பெரியவர்களும் கவனிக்க வேண்டிய இடம். இணைப்பதால் வசனம் சுருங்கும். சுருங்கும்போது உண்மையும் சுருங்கிவிடலாம். புயலில் வள்ளம் இழந்த குடும்பம் உதவி கேட்டு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதுகிறது. வீட்டில் படித்த பிள்ளைதான் எழுதிக்கொடுக்கும்.

மை ஃபாதர் லொஸ்ற் ஹிஸ் போற். மை அங்கிள் லொஸ்ற் ஹிஸ் போற்.

வள்ளம் இரண்டு. பிள்ளை அழகாக இணைக்க எண்ணி “மை ஃபாதர் அன்ட் மை அங்கிள் லொஸ்ற் தெயர் போற்” என்று எழுதிவிட்டது. கந்தோரில் இருந்து வாசிப்பவருக்கு இதிலே வள்ளம் ஒன்று. அண்ணன் தம்பி கூட்டாக வைத்திருந்த வள்ளம் என்று அவர் கொள்வார். அவரைக் குறைசொல்ல இடமில்லை, தாளில் அப்படித்தான் இருக்கிறது. “தெயர் போற்ஸ்” என்று முடிவில் ஒரே ஒரு எழுத்துச் சேர்த்திருந்தால் ஒரு வள்ளம் தப்பியிருக்கும். அதுவும் போதாது, ஆளுக்கு எத்தனை என்று ஐயம் வரலாம் என்றால் “ஈச்” என்ற சொல் இருக்கிறது: மை ஃபாதர் அன்ட் மை அங்கிள் ஈச் லொஸ்ற் எ போற். ஆளுக்கொன்று என்பது ஐயமற விளங்கும். உண்மையிலேயே கூட்டு வள்ளம் என்றால் “தே ஓன்ட் இற் ருகெதர்” என்று அடுத்த வசனத்தில் சொல்லிவிடுங்கள். வலை, எஞ்சின், வீடு, காணி, அடையாள அட்டை, எதற்கும் இதே விதி. காசும் உரிமையும் சம்பந்தப்பட்ட கடிதத்தில் அழகைவிட எண்ணிக்கை பெரிது. ஐயம் இருந்தால் இரண்டு வசனமாகவே விடுங்கள். அதற்கு எந்த ஆசிரியரும் புள்ளி குறைக்கக் கூடாது.

பெயர்களை வரிசையாக அடுக்குவதா, ஒரு பொதுச்சொல்லால் தொகுப்பதா என்ற கேள்வியும் இதை ஒட்டியதே. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். “பசெஞ்சேர்ஸ் வேர் கில்ட் ஒன் த குமுதினி” என்றால் இலக்கணம் சரி. “மென், விமன் அன்ட் சில்ட்றன் வேர் கில்ட் ஒன் த குமுதினி” என்றாலும் சரி. ஒரே வினை, ஒரே காலம். ஆனால் இரண்டாவது வசனத்தில் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று தெரிகிறது. கடல் கடந்து வளரும் பேரப்பிள்ளைக்கு நம் தீவின் கதையை எழுதும்போது எதைத் தொகுப்பது, எதை விரித்து அடுக்குவது என்று எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். இலக்கணப் புத்தகம் அதைச் சொல்லித் தராது.

எல்லா அடுக்கும் பாரமானதல்ல. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவைப் பற்றி எழுதும் பிள்ளை “பில்கிறிம்ஸ் ஃபுறொம் ஜஃப்னா கோ ரு கச்சதீவு. பில்கிறிம்ஸ் ஃபுறொம் ராமேஸ்வரம் கோ ரு கச்சதீவு” என்று இரண்டு முறை எழுத வேண்டியதில்லை. “பில்கிறிம்ஸ் ஃபுறொம் ஜஃப்னா அன்ட் ராமேஸ்வரம் கோ ரு கச்சதீவு.” இரு கரையும் ஒரு வசனத்தில் வந்துவிட்டன.

பயிற்சி. பின்வருவனவற்றை இணைத்து எழுதுக. இணைக்க முடியாததை அப்படியே விட்டுக் காரணம் கூறுக.

1. த பஸ் வோஸ் லேற். த போற் வோஸ் லேற்.
2. மை மதர் கிளீன்ட் த ஃபிஷ். மை மதர் குக்ட் இற்.
3. ஹீ டிட் நொற் றைற். ஹீ டிட் நொற் ரெலிஃபோன்.
4. த றெயின் ஸ்ரொப்ட். வீ வென்ற் ஹோம்.
5. மை கிறான்ட்மதர் ஹாஸ் எ ஹவுஸ் இன் வேலணை. மை ஆன்ற் ஹாஸ் எ ஹவுஸ் இன் வேலணை.

முதலாவதில் “வோஸ்” மாறவேண்டும். மூன்றாவதில் “அன்ட்” வராது. நான்காவதில் எழுவாய்களைப் பாருங்கள். ஐந்தாவதற்கு விடை எழுதுமுன், வீடு ஒன்றா இரண்டா என்று அம்மம்மாவைக் கேட்டுக்கொண்டு வந்து எழுதுங்கள்.